சுல்தானாவின் கூடைக்கு மேல்

நாய் கடித்து வருகிறவரைப் பார்த்தால் எல்லோரும் ஐயோ என்பார்கள். கோழி கொத்தி வருகிறவரைப் பார்த்தால் சிரிப்பார்கள். நம் மிருக டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் முதலில் பழக வேண்டியது ஊசி பிடிப்பதல்ல, அந்தச் சிரிப்பை அடக்குவது. காலில் துணியைச் சுற்றி, சாரத்தை இழுத்து அதை மறைத்துக்கொண்டு, "சும்மா ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்" என்று ஒருவர் வாசலில் தயங்கினால், அவர் வீட்டில் ஒரு கோழி ஆட்சி நடத்துகிறது என்று அர்த்தம். கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். காலைப் பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் எழுந்து நின்று பேசும்படி இப்போதைய டொக்டர் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு என் பெயரே மறந்து போகும். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல எழுப்பி நிறுத்தியபோது பிடித்த வியாதி அது. அந்த வருடத்தோடு படிப்பும் நின்றது. அதனால் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிற பிள்ளை திருத்தி வாசித்துக்கொள்ளட்டும்.

என்னை இங்கே எடுத்தது கூட்டித் துடைக்க. அப்போது டிஸ்பென்சரியை நடத்தியவர் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. ஒரு நாள் பெட்டியிலிருந்து தப்பிய கோழி ஒன்று, வந்திருந்தவர்கள் மேலெல்லாம் பாய்ந்து பாய்ந்து கொத்தியது. எல்லோரும் கதிரைகளில் ஏறி நின்றார்கள். என் பக்கம் வந்ததும் கோழி நின்றுவிட்டது. நான் துணிச்சல்காரி என்று நினைக்காதீர்கள். அத்தனை பேர் பார்க்க ஓடுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். "பிள்ளை, இனிமேல் கோழியெல்லாம் உன்ரை பொறுப்பு" என்றார் டொக்டரம்மா. வெட்கத்துக்குப் பதவி உயர்வு கிடைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கோழி கொத்துகிறது என்று வந்தால் என்னென்ன பார்ப்பது என்று உங்களுக்கு இப்போதைய டொக்டர் சொல்லித் தருவார். இறகுக்கடியில் பேன் இருக்கிறதா, புண் இருக்கிறதா, முட்டை அடைத்திருக்கிறதா, அடைகாக்க உட்கார்ந்திருக்கிறதா. அதெல்லாம் கோழியைப் பார்க்கிற வேலை. அது பழகிவிடும். வீட்டைப் பார்க்கிற வேலைதான் கஷ்டம். அதற்காகத்தான் அலவத்துகொடைச் சங்கதியை எழுதுகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அலவத்துகொடையிலிருந்து ஒரு முதலாளி வந்தார். ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவர் கடையில் ஆணி வாங்கப் போகிறவர்கள் விலை குறைத்துக் கேட்கப் பயப்படுவார்களாம். அந்த மனிதர் மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு, கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் செங்கல் நிறத்தில் ஒரு பெட்டைக்கோழி.

"பேர் என்ன?" என்றார் டொக்டரம்மா.

"என்டயா?"

"கோழியின்ரை."

"சுல்தானா."

"என்ன செய்யுது?"

"ஒன்னும் செய்றல்ல டொக்டர். மிச்சம் நல்ல புள்ள. பிஸ்கட்ட தேத்தண்ணில தொட்டுக் குடுத்தா கையிலேயே தின்னும். பொஞ்சாதிய மட்டும் கொத்துது."

பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மனைவி பின்வாசலால் உடுப்புக் காயப்போடப் போனால், சுல்தானா கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வரும். அவர் ஒரு அடி பின்வாங்குவார். மறுநாள் கோழி இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வரும். அப்படியே வந்து வந்து, கடைசியில் குசினிப் படிவரைக்கும் சுல்தானாவின் ராஜ்ஜியம் ஆகிவிட்டது. அந்த அம்மா உடுப்பைக் கட்டிலின் மேல் விரித்துக் காயவைத்திருக்கிறார். ஒரு நாள் கணுக்காலில் இரத்தம் வந்ததும் பையைக் கட்டிக்கொண்டு தெல்தெனியவில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

"போகக்க கேட்டா, கோழியா நானான்னு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யோசிச்சுப் பதில் செல்றேன்னு சென்னேன்."

டொக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன்.

"சிரிக்காதீங்க டொக்டர். சுல்தானாவ குஞ்சுல பருந்து தூக்கிட்டுப் போய்த்து கீழ போட்டிச்சு. கடைப் பெட்டியில பஞ்சு போட்டு நான்தான் வளத்தேன். அறுக்க ஏலா. குடுக்கவும் ஏலா. பொஞ்சாதி இல்லாம ஈக்கவும் ஏலா. நான் சமைச்சா சோறு கருகுது."

டொக்டரம்மா சுல்தானாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

"இதுக்கு நோயும் இல்லை, விசர் பிடிக்கவும் இல்லை. இது பதவி. அந்த வளவிலை ஆர் பெரிசு எண்டு கோழி கணக்குப் பாத்து முடிச்சிட்டுது. உங்கடை மனிசி பின்வாங்கப் பின்வாங்க, அவ தனக்குக் கீழை எண்டு நினைக்குது."

மருந்து இரண்டு பங்கு. முதல் பங்கு, சுல்தானாவை மற்றக் கோழிகள் பார்க்கிற இடத்தில் தனியாகக் கூடைக்குள் அடைத்து வைப்பது. மூன்று நாள் போனால் வளவில் அதன் இடத்தை வேறு கோழி பிடித்துக்கொள்ளும், இறுமாப்பும் இறங்கும். இரண்டாம் பங்கு, கொத்து வாங்குகிறவர் பின்வாங்காமல் நின்று, கோழியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கி, இறகு படிந்து கண் மூடும்வரை வைத்திருப்பது. அதற்கு முன்னால் வீசி எறிந்தால் எல்லாம் பாழ். கோழி தானே வென்றதாக எடுத்துக்கொள்ளும்.

"கொத்து வாங்கிறவதான் தூக்க வேணும். நீங்கள் தூக்கிப் பிரயோசனம் இல்லை."

"அவ வந்தாத்தானே தூக்க."

"கூப்பிடுங்கோ."

"கோழி திருந்தினாத்தானே வருவா."

"அவ தூக்கினாத்தானே கோழி திருந்தும்."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் சுல்தானாவைப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்தது.

"முதல் கூடையைப் போடுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார் டொக்டரம்மா. முதலாளி எழுந்து போகும்போது என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, கோழிக்குக் கோவம் கொறய மருந்து செய்றன்னு எங்கட ஊருக்குத் தெரிஞ்சா கடையில நிக்க ஏலா. ஒருத்தருக்கும் செல்லாதீங்க." சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். ஒரு வீட்டுக் கதையை அடுத்த வீட்டுப் படலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது டொக்டரம்மாவின் முதல் சட்டம். அது இன்றைக்கும் சட்டம்தான், பிள்ளைகளே. இந்தக் கதை பிறகு ஊருக்கே தெரிந்துபோனதால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் நானே போய்க் கூடை போட்டேன். வீட்டுக்கு முன்னால் ஜம்பு மரத்தடியில், மற்றக் கோழிகள் சுற்றி வரும் இடத்தில், பெரிய பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, மேலே பலகை வைத்து, பலகைக்கு மேல் கல் வைத்தேன். சுத்தமான அரிசியும் தண்ணீரும் வைக்கச் சொன்னேன். அது முஸ்லிம்கள் இருக்கும் தெரு. அங்கே போகும்போதெல்லாம் நான் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன். மரியாதைக்காகவும்தான், முகத்தை மறைக்க ஒரு சாட்டாகவும்தான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள். அதனால் அவரைப் பக்கத்து வீட்டு ராத்தா என்றே சொல்கிறேன். "மாஷா அல்லாஹ், நல்ல கோழி" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேதான் பிழை நடந்தது.

நான் கண்டி டவுனில் வளர்ந்தவள். எனக்குத் தெரியாத ஒன்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியில் கண்டதையும் கிளறித் தின்று திரிகிற கோழியை அறுப்பதென்றால், முதலில் மூன்று நாள் அடைத்துவைத்து நல்ல தீனி போடுவார்கள். வயிறு சுத்தமான பிறகுதான் அறுப்பார்கள். சுத்தம் பார்க்கிற நல்ல பழக்கம். ஒரு வீட்டில் கூடை கவிழ்ந்தால் விருந்தாளி வருகிறார் என்று அர்த்தம். இரண்டு நாளில் யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்பதும் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

முதலாளிக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் சுல்தானாவை அவர் ஒரு நாளும் கறியாகப் பார்த்ததில்லை. மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு வீட்டில் போய் இதைச் செய்யுங்கள் என்று சொல்லும் முன், அந்த ஊரில் அதைச் செய்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

முதல் நாளே பக்கத்து வீட்டு ராத்தா வேலியால் கேட்டிருக்கிறார்: "யாரு முதலாளி வார?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப கூடை என்னத்துக்கு?"

"சும்மா."

சும்மா என்ற வார்த்தையை அந்த ராத்தா மற்றப் பெண்களிடம் கொண்டுபோய் வைத்து ஆராய்ந்திருக்கிறார். எனக்குப் பிறகு அவரே சிரித்துச் சிரித்துச் சொன்ன கணக்கு இதுதான்: முதலாளிக்குப் பெண்பிள்ளை இல்லை, அதனால் மாப்பிள்ளை வீட்டார் வரப்போவதில்லை. மகன் கட்டாரில், லீவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. மனைவி தெல்தெனியவில். தலையை மூடிய ஒரு புதுப் பெண் வந்து, தன் கையாலேயே கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கேட்டால் மனிதர் காது சிவந்து சும்மா என்கிறார். "இதுக்கு மேலயும் அல்லாஹ் வந்து வெளங்கப்படுத்தவா வேணும்?" என்றாராம்.

முதலாளி இரண்டாம் கலியாணம் செய்யப் போகிறார் என்று தெரு தீர்மானித்துவிட்டது. யாரோ ஒருத்தி கொமினிகேஷன் என்கிற டெலிபோன் கடைக்குப் போய்த் தெல்தெனியவுக்குக் கோல் எடுத்துவிட்டாள்.

இதொன்றும் தெரியாமல் நான் மூன்றாம் நாள் கோழியைப் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறினால், முற்றம் நிறையச் சனம். ஒரு பக்கம் அடுப்பு மூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ராத்தா இஞ்சியும் உள்ளியும் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து நிற்கிறார். இரண்டு பேர், பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டைக் கழுவுகிறார்கள். கூடை போட்டு மூன்றாம் நாள், அதனால் இன்றைக்குத்தான் விருந்து என்று தெருவே கணக்குப் போட்டிருந்தது. முதலாளிமேல் கோபம் இருந்தாலும் விருந்து விருந்துதானே, தனி ஆம்பிளை வீட்டில் விருந்தாளியைப் பட்டினி போட்டால் தெருவுக்கு வெட்கம். ஜம்பு மரத்தடியில் பள்ளிவாசல் லெப்பை, வெள்ளைத் தாடிக்காரர், கத்தியைத் துடைத்துக்கொண்டு கூடைப் பக்கம் குனிகிறார். முதலாளியைக் காணவில்லை. கடையில் இருந்தார்.

இது வைத்தியம், அறுக்கிற கோழி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லமாட்டேன் என்று தலையாட்டியிருக்கிறேன். அதோடு, அத்தனை முகம் என்னைத் திரும்பிப் பார்க்கும்போது என் வாயிலிருந்து வார்த்தை வருமா? லெப்பை பலகைமேல் இருந்த கல்லைத் தூக்கிக் கீழே வைத்தார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. விறுவிறுவென்று போய், அந்தப் பலகைக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கூடைக்குள்ளே சுல்தானா மட்டும் கொக் என்றது.

"மகள்," என்றார் லெப்பை மெதுவாக, "எழும்புங்க. கோழி எடுக்கணும்."

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீங்க யாரு?"

முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

"இவங்கதான்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அண்டைக்குக் கூடை கவுத்தது இவங்கதான்!"

"கலியாணப் பொண்ணே வந்தீக்கிறாங்களா?"

"என்னத்துக்குக் கோழிக்கு மேல குந்தீக்கிறாங்க?"

"அவங்கட ஊர்ல அப்பிடி வழக்கமா ஈக்கும். நீ சும்மா ஈ."

"பொட்டு வச்சீக்குது போல."

"கொஞ்சம் வயசும் போல."

"முதலாளி மட்டும் என்ன கொமரனா?"

கலியாணம் பேசக்கூட யாரும் வராத எனக்கு, ஒரு ஊரே சேர்ந்து பெண் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கூடையோடு பூமிக்குள் போய்விட மாட்டேனா என்று இருந்தது. யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, முதலாளி கடையிலிருந்து மூச்சு வாங்க வந்தார். லெப்பையின் கையில் கத்தி, கூடைக்கு மேல் நான்.

"முதலாளி, இவங்க யாரு?" என்றார் லெப்பை.

உண்மையைச் சொல்லவும் முடியாமல், பொய் சொல்லவும் பழக்கமில்லாமல் அவர் சொன்னார்: "எனக்கு வேண்டியவங்க."

பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய மனைவி உள்ளே வந்தார்.

தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து அலவத்துகொடைக்கு இன்னொரு பஸ். இரண்டு பஸ் மாறியும் ஆறாத கோபம் அது. சின்ன உருவம். பின்னால் அவருடைய மூத்த அண்ணன், அவர்கள் பேச்சில் நானா, கையில் வெறும் பெரிய பேக்கோடு வந்தார். மிச்சம் இருக்கிற உடுப்பையெல்லாம் வாரிக்கொண்டு ஒரேயடியாகப் போவதற்கு.

வீட்டுக்காரி வந்தால் எழுந்து நிற்பது என் வழக்கம். வேறு எந்த வேளையிலும் அது நல்ல வழக்கம். நான் எழுந்தேன். பலகை சரிந்தது, கூடை புரண்டது, சுல்தானா வெளியே வந்தது.

மூன்று நாள் அடைபட்டும் அதற்கு முழுதாகப் பதவி இறங்கவில்லை. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நேரே முதலாளியின் மனைவியான அந்த ராத்தாவின் காலை நோக்கி ஓடியது. சனம் விலகியது. லெப்பை கத்தியோடு ஒரு எட்டுப் பின்னால் போனார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

ராத்தா பின்வாங்கவில்லை. கோழியை அவர் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்க நான். சுல்தானா முழங்காலளவு பாய்ந்து மோதியது. அவர் நடையை நிறுத்தாமல் குனிந்து, வழியில் கிடந்த துணியைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கி, இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வலது கை அவருக்குத் திட்டுவதற்குத் தேவைப்பட்டது.

"நீயா அது? நீயா?"

நான் குனிந்து நின்றேன்.

"எத்தன வருஷமா இந்த மனுசன்ட சாரத்துக்கு நீலம் போட்டு வெளுத்தேன்! ஒரு சேர்ட்டுக்கு ஒழுங்கா பட்டன் பூட்டத் தெரியாத மனுசன் இது! ஒனக்கு வேற ஆளே கெடைக்கல்லியா?"

"அடியே, கொஞ்சம் கேளு..." என்றார் முதலாளி.

"நீங்க வாயத் தொறக்க வேணாம்! கோழிக்காக என்னய அனுப்பினீங்கன்னுதான் நெனச்சேன். கோழி ஒரு சாட்டு! யா அல்லாஹ், கோழி ஒரு சாட்டு!" என்று அவர் வலது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். இடது கை கோழியை இன்னும் இறுக்கியது.

பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் நான் யோசித்தேன். சுல்தானாவின் கழுத்து இறகு இன்னும் நின்றுகொண்டிருந்தது. கண் உருண்டுகொண்டிருந்தது. நான் டிஸ்பென்சரி ஆள் என்று இப்போது சொன்னால் என்ன நடக்கும்? அவருடைய கோபம் இறங்கும். இறங்கினால் கக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். பார்த்தால் அலறி வீசுவார். அதோடு சுல்தானா வென்றுவிடும். பிறகு கோழிக்கும் வாழ்வில்லை, அந்த வீட்டுக்கும் இல்லை. டொக்டரம்மா சொன்ன இரண்டாம் பங்கு மருந்தை, கெஞ்சியும் செய்திருக்கமாட்டாத அந்த ராத்தா, தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார். அதற்கு ஒரே செலவு, கொஞ்ச நேரம் நான் கலியாணப் பெண்ணாக இருப்பது.

இருந்தேன்.

என் நிறத்தைச் சொன்னார், கேட்டுக்கொண்டேன். என் மூக்கைச் சொன்னார், அதையும் கேட்டேன். என் தாய் தகப்பனைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் முந்தானைக்குள்ளிருந்து கோழியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. அலகு திறந்திருந்தது, பிறகு மூடியது. இன்னும் கண் மூடவில்லை.

அப்போது பார்த்து ராத்தா களைத்துவிட்டார். மூச்சு வாங்கி, உட்கார ஓர் இடம் தேடிச் சுற்றும் முற்றும் பார்த்தார். குனிந்து பார்த்தால் முடிந்தது கதை. நான் வேலைக்கு வந்ததிலிருந்து செய்த மிகத் துணிச்சலான காரியத்தை அந்த நேரம் செய்தேன். வாயைத் திறந்தேன்.

"முதலாளி ரொம்ப நல்லவருங்க" என்றேன்.

அவ்வளவுதான். எண்ணெய் ஊற்றின அடுப்பு மாதிரி ஆகிவிட்டார். முதல் இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை. நல்லவர் என்று எனக்கு எப்படித் தெரியும், எந்த நேரம் தெரிந்துகொண்டேன், யார் சொன்னது என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு லெப்பையே காதைப் பொத்திக்கொண்டார். முதலாளி அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கோழிக்குக் கீழ் இமைதான் மேலே ஏறும். சுல்தானாவின் இமை பாதி ஏறி, திரும்ப இறங்கி, பிறகு முழுதாக ஏறியது. அதன் தலை ராத்தாவின் முழங்கைமேல் சாய்ந்தது.

"ராத்தா," என்றேன். "நான் கண்டியில இருக்கிற மிருக டிஸ்பென்சரி ஆளுங்க. கோழிக்கு வைத்தியம் பார்க்கத்தான் வந்தேன். நீங்க வீசிடாதீங்க. உங்க கையில இருக்குங்க."

அவர் குனிந்து பார்த்தார்.

கக்கத்திலிருந்து உருவி எறியக் கை போனது. ஆனால் தூங்குகிற உயிரை வீச யாருக்குத்தான் மனம் வரும்?

"இது எப்ப என்ட கையில வந்திச்சு?"

"நீங்கதாங்க தூக்கினீங்க."

"நானா?"

"பார்க்காமலே தூக்கினீங்க."

முதலாளி எழுந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று கொட்டிவிட்டார். சுல்தானாவைப் பெட்டியில் வைத்துக் கண்டிக்குக் கொண்டுபோனது, பதவி என்று டொக்டரம்மா சொன்னது, கூடை, அரிசி, எல்லாம். ராத்தா கோழியை இடுக்கியபடியே கேட்டார். கடைசியில், "எனக்குத் தலவலின்னா பனடோல் ரெண்டு" என்றார். "கோழிக்குக் கண்டில டொக்டரா?"

"நீதானே கோழியா நானான்னு கேட்ட," என்றார் முதலாளி. அவருடைய பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. "ரெண்டும் வேணும்னுதானே ஓடினேன்."

சனம் சிரிக்கப் போகிறது என்று அவர் பயந்து நின்றார். நானும் பயந்தேன். சிரிப்பு வரவில்லை. லெப்பை கத்தியை உறையில் போட்டுவிட்டு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மகள், ஒங்கட டொக்டர் மத்தக் கோழியும் பாப்பாங்களா?"

"பார்ப்பாங்க."

"எங்கட ஊட்டுல ஒன்னு ஈக்குது. நான் தொழ முந்தி கை கால் கழுவி வுழுச் செய்யப் போனா, பைப் பக்கத்துல நிண்டுக்கு வர உடுதில்ல." சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கணுக்காலில் துணிக்கட்டு.

"அறுத்துடலாமே," என்று பக்கத்து வீட்டு ராத்தா கேட்டார்.

"பேர் வச்சுட்டேன்," என்றார் லெப்பை வருத்தத்தோடு. "பேர் வச்சத எப்பிடி அறுக்கிற?"

பக்கத்து வீட்டு ராத்தா இஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டிலும் ஒன்று இருப்பதாகச் சொன்னார். நான் காலைப் பார்க்கவில்லை.

இதற்குள் முதலாளியின் மனைவி என்னைக் கூப்பிட்டார். இப்போது வேறு குரல். "தங்கச்சி, இத கீழ உட்டா மறுகா கொத்துமா?"

கொத்தாது என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒரு வீட்டை நம்பவைக்கக் கூடாது. "தெரியாதுங்க," என்றேன். "விட்டுப் பார்த்தாத்தான் தெரியும். விட்டுட்டு அசையாம நில்லுங்க."

அவர் கணவரைப் பார்த்தார். நானாவின் கையில் இருந்த பேக்கைப் பார்த்தார். பிறகு முற்றத்தின் நடுவில் போய், குனிந்து, சுல்தானாவைத் தன் காலடியில் இறக்கிவிட்டார். செருப்பையும் கழற்றி எறிந்தார். வெறுங்காலோடு நின்றார்.

சுல்தானா கண்ணைத் திறந்தது. இறகை ஒரு உதறு உதறியது. தலையைச் சரித்து அந்தக் கால்களைப் பார்த்தது, முதலில் ஒரு கண்ணால், பிறகு மற்றக் கண்ணால். முதலாளியின் உதடு துஆ ஓதிக்கொண்டிருந்தது. ராத்தாவின் கால்விரல்கள் மண்ணை இறுக்கிப் பிடித்தன. கால் நகரவில்லை. கோழி கழுத்தை நீட்டியது, குனிந்தது, அவருடைய பெருவிரல் பக்கத்தில் சிந்திக் கிடந்த ஓர் அரிசியைப் பொறுக்கியது, விரலைச் சுற்றிக்கொண்டு மற்றக் கோழிகளிடம் போனது. அங்கே ஒரு கறுப்புப் பேடு அதை ஒரு கொத்துக் கொத்தியது. சுல்தானா வாங்கிக்கொண்டது.

"நானா," என்றார் ராத்தா, திரும்பிப் பார்க்காமலே. "அந்த பேக்க உள்ளுக்கு வைங்க."